மாமனார் பெயருக்கு வந்த மெயில்

அந்தக் கரையில் நின்று "சீனி" என்று கூப்பிட்டால், வலையில் கிடக்கும் மீனிலேயே இரண்டு திரும்பிப் பார்க்கும். அத்தனை சீனி முகம்மதுகள். இது தெரிந்திருந்தும் மாட்டிக்கொண்டவள் சாலிஹா.

இராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். கணவன் ஹமீது சவுதிக்குப் போனபின், ஊர்ச் சங்கத்தின் பின்னறையில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஊர்ப்பெயரில் முடியும் முகவரி வேண்டும். அந்த முகவரிக்கு மெயில் வந்தால், சர்வர் ஒரு கோப்பில் பெயரைத் தேடி, உரியவரின் சொந்த மெயிலுக்குத் தள்ளிவிடும். அவ்வளவுதான்.

ஒருநாள் மஜீதா வந்தாள். அவள் மகன் தம்மாமிலிருந்து வேலை போய்த் திரும்பி, சும்மா இருக்கப் பிடிக்காமல் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தான். தோஹாவில் ஏசி மெக்கானிக் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான், நேர்காணலுக்கு மெயில் வரும் என்றார்கள், வரவே இல்லை.

"என்ன பேருல பதிஞ்சீங்க ராத்தா?"

"எங்க மாமா பேருதான்."

மாமனார் பெயரை மஜீதா சொல்லமாட்டாள். அவளுடைய ஓரகத்திகள் இருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மூன்று பேரும் தலைச்சன் பிள்ளைக்கு அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். மூவரும் வெவ்வேறு காலத்தில் வந்து "எங்க மாமா பேருதான்" என்று சொல்ல, சாலிஹாவும் மூன்று முறையும் 'சீனி' என்றே தட்டிவிட்டாள். இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே என்று மிஷின் முணுமுணுத்ததை, பதிந்தாயிற்று என்று எடுத்துக்கொண்டாள். சர்வருக்கோ முதல் சீனியை மட்டும்தான் தெரியும். அவன் புருனேயில் சமையல்காரன். மெயிலைத் திறந்தே பார்க்காதவன்.

இனி கோப்பு ஆகாது என்று சாலிஹா, பதிந்த பெயர்களை அப்படியே தூக்கிக்கொண்டு, எஸ்க்யூலைட்டுக்கு மாறினாள். மடியில் முடிந்துகொள்ளும் அளவுக்குச் சின்ன டேட்டாபேஸ் அது. தனியாக ஓடவிட வேண்டியதில்லை. எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்கவேண்டும் என்று சர்வருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தாள். சர்வர் ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. மெயில் வாங்கும் பகுதி புதுப்பெண் மாதிரி தன் அறையைவிட்டு வெளியே வராது. வெளியே இருக்கும் டேட்டாபேஸ் அதன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? நடுவில் கேட்டுச் சொல்ல இன்னொரு புரோகிராமை ஆளாக வைத்தாள். உடனே வேலை செய்தது.

கொஞ்சம் அதிகமாகவே செய்தது. தோஹா கம்பெனி மறுபடி மெயில் அனுப்ப, 'சீனி' என்ற பெயரில் இருப்பதையெல்லாம் கொண்டுவா என்றுதானே கேள்வி எழுதியிருந்தாள், மூன்று சீனிக்கும் அது போய்விட்டது. புருனே சீனிகூடத் திறந்து பார்த்து வேண்டாம் என்று எழுதினான். வெளிநாடு போய்வந்து இராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருந்த சீனி, கேட்காமலே அதிர்ஷ்டம் வந்ததென்று சரி என்று எழுதிவிட்டு, சட்டை தேய்க்கக் கொடுத்தான். அந்த மடிப்பில் கருவாடு நறுக்கலாம். மஜீதாவின் மகனோ நடுக்கடலில், சிக்னல் இல்லாமல்.

சங்கத்துக்குப் போன் வந்தது. ஒரே முகவரிக்கு அனுப்பியதற்கு ஒருவன் வருகிறேன் என்கிறான், ஒருவன் வரவில்லை என்கிறான். இப்போதே முடிவு தெரியாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார் கம்பெனிக்காரர். விண்ணப்பித்தவனின் பெயரையும் தகப்பன் பெயரையும் அவன் வீட்டார் யாராவது சொல்லவேண்டுமாம்.

மெயில் வந்ததா என்று கேட்க வந்திருந்த மஜீதாவிடம் சாலிஹா போனை நீட்டினாள். மஜீதா பின்வாங்கினாள். மாமனார் பெயர் ஒருபக்கம், புருசன் பெயர் மறுபக்கம்.

"நீயே சொல்லேம்மா."

"வீட்டாளு சொல்லணுமாம் ராத்தா. சொல்லலேன்னா வேலை போயிரும்."

மஜீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சுவரைப் பார்த்து, ஒரே மூச்சில், "மதார் மகன் சீனி முகம்மது" என்றாள். சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படகு கரை சேர்ந்ததும் அவன் உப்புச் சட்டையோடே வீடியோவில் உட்கார்ந்து பேசினான், வேலையும் கிடைத்தது. கடைக்காரச் சீனி தேய்த்த சட்டையை அவனுக்கே கொடுத்தனுப்பினான். சாலிஹா மூவருக்கும் தகப்பன் பெயரைச் சேர்த்து முகவரி பிரித்தாள். ஒரே பெயரை இரண்டாம் முறை வாங்காதே என்று டேட்டாபேஸுக்கும் சொல்லிவைத்தாள்.

புது முகவரி என்ன என்று ஓரகத்தி கேட்டபோது மஜீதா சொன்னாள்: "முன்னால எங்க வூட்டுக்காரவுக பேரு, பின்னால எங்க மாமா பேரு."