ஹாரன் இல்லாத நாற்காலி

இன்று காலை பிள்ளையார்பாளையத்தில், தறியில் ஏற்றவேண்டிய பட்டு இழைகளைப் பாவாக எங்கள் தெருவில் நீளமாக விரித்துக் கட்டியிருந்தோம். ஓரத்தில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம்.

எதிர்வீட்டு மல்லிகா அக்கா சக்கர நாற்காலியில் வந்தார். "கொஞ்சம் நகத்தும்மா. இன்னைக்குத்தான் வேலைல சேர்றேன், நேரமாயிக்கினு இருக்குது."

"நகத்துனா இழை அறுந்துடும்கா. பின்தெருவால போயிடுங்களேன்" என்றேன்.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் பைக்கில் வந்த ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தார். பதறிப்போய்ப் பாவு முழுவதையும் நகர்த்தி வழிவிட்டேன். ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை.

நிமிர்ந்தால் எதிரே அக்கா. பின்தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்களாம்.

"அவருக்கு மட்டும் இழை அறுந்து போகலியாம்மா?" சிரித்தபடியே கடந்து போனார்.

சக்கர நாற்காலியில் பொருத்த நல்ல சத்தமான ஹாரன் எங்கே கிடைக்கும்? முதலில் என் காதருகே அடிக்கச் சொல்ல வேண்டும்.