நான் கட்டிக்கொள்ளாத கயிறு

பிரான்சில் நான் வசிக்கும் புறநகர்க் கடைகளில் ஒயின் பாட்டில்களைக் குழந்தைகளின் பிஸ்கட்டுக்கு எதிர் அடுக்கில் வைத்திருக்கிறார்கள். வயதான அம்மாக்கள் ரொட்டியோடும் கீரையோடும் ஒரு பாட்டிலையும் கூடையில் போட்டுக்கொண்டு, கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கு "போன்ஜூர்" சொல்லிவிட்டுப் போகிறார்கள். காரைக்காலில் பிறந்தவனுக்கு இது ஜீரணமாகச் சில காலம் பிடித்தது. சரக்கு மலிவு என்று பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர்தான் எங்களுடையது. ஆனாலும் உள்ளூர்க்காரன் பாட்டிலை இடுப்பில் செருகி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் எங்கள் வரிச்சிக்குடித் தெருவுக்குத் திரும்புவான். இங்கே யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை என்பது எனக்கு வசதியாகப் போய்விட்டது. காலையில் ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தானைப் போட முடியும் என்கிற நிலைக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு உணவகத்தில் தட்டுக் கழுவும் வேலை. உடைந்த தட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், முதலாளி என்னை டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று, எத்தனை இட்லி என்பதுபோலக் கேட்டார். வெட்கத்தில் பாதியைத்தான் சொன்னேன். "இன்றோடு நிறுத்திவிடுகிறேன், மதாம்" என்று நெஞ்சில் கை வைத்தேன். அவர் பதறிப்போய், "வேண்டாம், இன்று நிறுத்தாதீர்கள்" என்றார். கேலி செய்கிறார் என்று கோபம் வந்து எழுந்தேவிட்டேன். எனக்கு ஏன் கோபம் என்று அவருக்கும் விளங்கவில்லை. உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: உடம்பு இவ்வளவு பழகியபின் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத பூச்சிகள் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும்வரை அளவைத் திடீரென்று வெட்டக் கூடாது. பிறகு மருந்து கொடுத்து, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்து நிறுத்த வேண்டும். இதைப் படிக்கும் யாராவது நாளைக்கே விட்டுவிட நினைத்திருந்தால், டாக்டர் சொன்னதை இன்னொரு தரம் படியுங்கள்.

பூச்சி என்றதும் எனக்கு அண்ணன் நினைவு வந்தது.

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் கோயிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். கட்டிய கணத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது. அண்ணனை என் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் கட்டவைத்தவன் நான்தான். மூன்றாம் நாள், "சுவத்துல பூரா எறும்புடா, தட்டிவிடுடா" என்று அலறினான். திருட்டுத்தனமாகக் குடித்திருப்பான், அம்மன் தண்டிக்கிறாள் என்று நாங்களே முடிவுகட்டி, வேப்பிலை அடித்து அறையில் போட்டுப் பூட்டினோம். "சத்தியமா தொடலடா" என்று உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். வலிப்பு வந்து மறுநாள் போய்விட்டான். அவன் சொன்னது உண்மை என்பதை, இத்தனை வருடம் கழித்து, அவனைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணின் மேசை முன்னால் தெரிந்துகொண்டேன். அங்கேயே அழுதேன். பிறகுதான் கிளாஸ் கணக்கை முழுதாகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து எழுந்தேன். ஊரில் இருக்கும் என் மனைவி செல்விக்கு இதை எப்படிச் சொல்வது? டாக்டர் சொன்னதைச் சொன்னால், அண்ணனைக் கொண்டுபோனது அம்மன் இல்லை, நாங்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அதனால், இங்கே ஒரு கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டுவிட்டேன் என்று புளுகினேன். செல்வி ஆனந்தத்தில் அழுதாள். அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டாள். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, நான் வேலையில் இருந்தபோது கூப்பிட்டாள்.

"என்னங்க, நெரவியில நம்ம குமாரும் கயிறு கட்டிக்கிட்டான். அத்தானே விட்டுட்டாரு, எனக்கென்னங்கிறான்."

குமார் அவள் தம்பி. குடியில் எனக்கு அண்ணன். என்றைக்குக் கட்டினான் என்று கேட்டேன்.

"முந்தாநாளுங்க. கை கிடுகிடுன்னு ஆடுது, வேர்த்துக் கொட்டுது. ஆனா வைராக்கியமா இருக்கான்."

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. எவ்வளவு குடிப்பான்னு ஒளிக்காம சொல்லு."

"கயிறு கட்டுனவனையா? நீங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

"போனேன் செல்வி. பத்து நாள் படுத்திருந்தேன். நான் கயிறே கட்டல. அண்ணனும் அன்னிக்குக் குடிக்கல. நாமதான் பூட்டிவச்சுக் கொன்னுட்டோம்."

 "மாவிளக்குப் போட்டேனே" என்றாள் செல்வி. போன் துண்டிக்கப்பட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து வீடியோவில் வந்தாள். முகத்தைக் காட்டவில்லை. "ஆட்டோவுலயே வலிப்பு வந்து இழுத்துக்கிச்சு. நாளைக்குள்ள ஒன்னும் சொல்ல முடியாதுங்கிறாங்க" என்று மட்டும் சொன்னாள். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த குமாரைப் பார்க்க வைத்துவிட்டு, எங்கேயோ நகர்ந்துபோனாள். என்னிடம் பேச அவளுக்கு இனி என்ன இருக்கிறது?

இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. முதலாளி என் பெயரை அவருக்கு வந்தமட்டும் உச்சரித்துச் சத்தம்போட்டார். போனை அலமாரியில் நிறுத்திக்கொண்டு தேய்க்கத் தொடங்கினேன். காரைக்காலில் குமாரின் நெஞ்சு ஏறி இறங்கியது. அது ஒவ்வொரு முறை இறங்கும்போதும், மறுபடி ஏறும்வரை, என் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.