எலுமிச்சம்பழம் பிடித்த வீரன்

செல்வநாயகி அக்காவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. நல்லூரில் ஏறினால் விருத்தாசலம் வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். அப்படிப்பட்டவரை ஒரு பஸ் கண்டக்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை சாமிதுரை, திட்டக்குடி போகிற தனியார் பஸ்ஸில் வேலை பார்ப்பவர்.

"கல்யாணத்துக்கு வந்து எறங்கும்போதே உங்க அக்கா கையில எலுமிச்சம்பழம். மாப்பிள்ளைக்கு மரியாதையா குடுக்க எடுத்தாந்திருக்குதுன்னு நெனச்சு நானும் கைய நீட்டிட்டேன்" என்று மாமா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவுக்குப் பிடித்த காமிக்ஸ் வீரனுக்கும் இதே கோளாறுதான். பெயர் சூறாவளிச் சுந்தரம். ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான். ஆனால் தென்னைமர உயரத்தைத் தாண்டிப் பறந்தால் அவனுக்குத் தலைசுற்றும். அதனால் ஒரு கை முஷ்டியை முன்னால் நீட்டிக்கொண்டு, மறு கையில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டுதான் பறப்பான். கல்யாணமான புதிதில், வயிறு அடங்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது கடையில் தொங்கிய அந்த அட்டைப்படத்தை அக்கா பார்த்தார். பிறகு ஒரு மாதம்கூட அவர் சுந்தரத்தை விட்டதில்லை. புது இதழ் வந்தால் மாமா வாங்கி வந்துவிடுவார்.

நான் அக்காவின் பக்கத்து வீடு. பன்னிரண்டாவது முடித்துவிட்டேன். அடுத்து என்ன என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும், ஆனால் உட்காருவதுதான் எனக்கு வராது. அதனால் அக்கா வேலை செய்யும் பீங்கான் பொம்மைப் பட்டறையில் கொலு சீசனுக்கு பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா அங்கே அச்சு எடுப்பார், வண்ணம் தீட்டுவார். மதியம் சோற்று டப்பாவைத் திறந்ததும் எங்களுக்குள் சண்டை ஆரம்பமாகிவிடும். வீரன் என்றால் கம்பீரமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"கம்பீரமா வந்து என்னாடி பண்றான்? பத்து மாடிக் கட்டடத்த இடிச்சிப் போட்டுட்டு அவன் பாட்டுக்குப் பறந்துடுறான். யாரு பெருக்குறது? எங்க சுந்தரம் இடிச்சா அவனேதான் தொடப்பத்த எடுப்பான்."

"அதுக்காக எப்பப் பாத்தாலும் சிரிப்பு காட்டணுமா?"

"அவன் எங்க சிரிப்பு காட்டுறான்? உசுரக் குடுத்து சண்ட போடுறான். நமக்குத்தான் சிரிப்பு வருது. இப்ப புதுசா ஒருத்தன் வந்திருக்கான் பாரு, அடிச்சிட்டு நம்மளப் பாத்துக் கண்ணடிக்கிறான். அவனே சிரிச்சிட்டா அப்பறம் நான் எதுக்கு?"

வண்ணம் தீட்டுகிறவர் என்பதால் அச்சுப் பிழையையும் விடமாட்டார். "மீசைக் கறுப்பு கன்னத்துல வழியுது பாரு. என் கைல குடுத்திருந்தா ஒழுங்கா போட்டிருப்பேன்" என்பார். ஒரு முறை கதையில் ஒரு டாக்டர் சுந்தரத்தின் தலைசுற்றலைக் குணப்படுத்திவிட்டார். அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "சரியாப் போனா இவனும் மத்தவன் மாதிரிதானே?" என்று புலம்பினார். அடுத்த இதழில் மருந்து தீர்ந்து மறுபடி தலைசுற்றியபோது, பட்டறை முழுக்க வேர்க்கடலை மிட்டாய் கொடுத்தார்.

இப்படிப்பட்டவர் சுந்தரத்தைப் பொம்மையாகச் செய்ய ஆசைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. பட்டறை முதலாளி தேவநாதன் நெடுநாள் மசியவில்லை. கொலுவில் கிரிக்கெட் செட் வைக்கிறார்கள், கல்யாண செட் வைக்கிறார்கள், சுந்தரம் வந்தால் என்ன என்று அக்கா தினமும் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு செய்யி. ஆர்டர் பாக்க ஸ்ரீமுஷ்ணத்து பொம்மைக் கடை கமலம்மா வருவாங்க. அவங்களுக்குப் புடிச்சா போடலாம். வேணான்னுட்டா அச்ச ஒடச்சிடணும். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க" என்றார் அக்கா.

மேகத்தின்மேல் நுனிக்காலில் நின்று கிளம்பப் போகிற சுந்தரம். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கை முன்னால் நீட்டிய முஷ்டி, முதுகுக்குப் பின்னால் விறைப்பாக நிற்கும் போர்வை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்ததும் சூளைக்காரர் ராஜாங்கம் அண்ணன் வந்து பார்த்தார். சூட்டில் மண் இளகும். அந்தரத்தில் நீளும் கை, காலுக்கெல்லாம் அடியில் ஒரு மண்துண்டை முட்டுக் கொடுத்துத்தான் சூளையில் வைப்பார்கள். அக்காவுக்கும் இது தெரியும். கிருஷ்ணரின் புல்லாங்குழலுக்கு எத்தனையோ தடவை அவரே முட்டு வைத்திருக்கிறார்.

"கைக்கும் போர்வைக்கும் முட்டு வச்சிட்டியா?"

"பறக்குறவனுக்கு எதுக்குண்ணே முட்டு?"

"தே, பறக்குறது புஸ்தவத்துல. இது மண்ணு."

"முட்டு வச்சா தழும்பு விழும். சுந்தரத்துக்குப் போர்வையில தழும்பே கெடையாது."

ராஜாங்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சூளை ஆறித் திறந்த நாளில்தான் கமலம்மாவும் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் ராஜாங்கம் அண்ணன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். லட்சுமிகள் வந்தார்கள், செட்டியார் வந்தார், பிறகு சுந்தரம் வந்தான். பட்டறையே சிரித்தது.

போர்வை நனைந்த துண்டுபோல் முதுகோடு ஒட்டித் தொங்கியது. நீட்டிய முஷ்டி வளைந்து இறங்கி வயிற்றில் பதிந்திருந்தது. மூக்கருகே எலுமிச்சம்பழம் மட்டும் அசையாமல் இருந்தது.

"ஏற்காடு பஸ்ஸுல இருந்து எறங்குன மாதிரியே இருக்குதே!" என்றார் ராஜாங்கம் அண்ணன்.

அக்கா சிரிக்கவில்லை. பொம்மையை வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதுவரை வாய்விட்டுச் சிரித்த எனக்குப் பாவமாகிவிட்டது. அச்சு உடையப் போகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "அக்கா, வுடுக்கா" என்றேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எட்டிப் பார்த்தால், சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிகிறது.

"வெண்பா, நான் இவனத் தப்பா செஞ்சிருக்கேன்டி. பறக்குறதுக்கு முன்னாடி யாருக்குத் தலசுத்தும்? இவன் இப்பத்தான் எறங்கியிருக்கான். அந்த பிரஷ்ஷ எடு."

கமலம்மா வருவதற்குள் சிவப்புப் போர்வை, நீலச் சட்டை, வழியாத கறுப்பு மீசை எல்லாம் ஏறிவிட்டன. கடைசியாகக் கன்னத்தில் லேசாக ஒரு பச்சை தடவினார். பஸ்ஸில் அந்தப் பச்சையை எத்தனை முகங்களில் பார்த்திருப்பார்! கண்ணாடியில் பார்த்ததும் இருக்கும்.

கமலம்மா லட்சுமிகளைத் தட்டிப் பார்த்தார். செட்டியாரின் தொப்பையைத் தடவினார். சுந்தரத்தின் முன்னால் நின்றார். தேவநாதன் தொண்டையைச் செருமினார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுத்தியது.

"இது யாரும்மா?"

"சூறாவளிச் சுந்தரங்க. உலகத்தையே காப்பாத்துவாரு. ஒசரம்தான் ஆகாது."

கமலம்மா பொம்மையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். "எங்க வூட்டுக்காரரு திருப்பதி மலைக்கு பஸ்ஸுல போனா இப்படியேதாங்க! இதே பழம், இதே கை! கடைக்கு வர்ற சனம் இவனப் பாக்காம போவாது. மொதல்ல ஒரு பெட்டி நெறைய அனுப்புங்க."

தேவநாதனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் முதலாளி அல்லவா? "சரி, இந்த வாட்டி முட்டு வச்சு கைய நேரா நிமித்திடு" என்றார்.

"நிமித்துறதா?" அக்கா பொம்மையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கைய வயித்தோட ஒட்டியே புது அச்சு எடுக்கப்போறேங்க. முட்டும் வாணாம், பேக்கிங்ல ஒடையவும் ஒடையாது."

பேக்கிங் வேலைக்காரி என்ற முறையில் அந்தக் கடைசிக் காரணத்துக்கு நானும் தலையாட்டினேன். கம்பீரம் பற்றிய என் கட்சி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் மேசையில் வரிசையாக நிற்கும் பச்சை முகங்களை வைக்கோலில் சுற்றும்போது தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மதியம் ராஜாங்கம் அண்ணன் சூளைக்குப் பக்கத்தில் அக்காவின் காமிக்ஸைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிமிர்ந்து கேட்டார்.

"ஏம்மா செல்வநாயகி, இவனுக்கு எப்பத்தான் சரியாவும்?"

"ஐயய்யோ, வாய வைக்காம படிங்கண்ணே!" என்றார் அக்கா.