சாக்கு நூலில் கோத்த கருகமணி

எங்கள் வீட்டார் ஒருமுறை ஒருவரைச் சாகடிக்கப் பார்த்தார்கள். கத்தி, விஷம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வெள்ளைப் புடவை போதும் என்று நினைத்தார்கள். சாகவேண்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம், ரங்கூனில், ஏதோ ஒரு சிறையில் இருந்தார். அவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஏலக்காய் தட்டிப் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். இத்தனை வயதாகியும் அந்த வாசனை வந்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

அவர் என் மாமா. அத்தாவுடைய, அதாவது என் அப்பாவுடைய, தங்கையின் கணவர். அத்தாவின் தங்கையை நாங்கள் குப்பி என்போம். கல்யாணமான கையோடு ரங்கூனுக்குப் போன குப்பி, நான் பிறப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தாராம். அப்போது வீட்டு ஆண்களுக்கு ஆளுக்கொரு பட்டு லுங்கி, அத்தாவின் அண்ணன் மனைவியான பெரியம்மாவுக்குக் கெம்புக் கம்மல் என்று அள்ளிக் கொடுத்தாராம். அந்தக் கம்மலைப் போட்டுக்கொண்டுதான் பெரியம்மா எந்த விருந்துக்கும் போவார். 'எங்க வூட்டு ரங்கூன்காரி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பிறகு பர்மாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. ஒருநாள் சிப்பாய்கள் வந்து கடைகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டு, இனி இது அரசாங்கத்துச் சொத்து என்றார்கள். மாமா தன் துணிக்கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது கேட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். ரசீது கேட்டவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தச் சிறை, எத்தனை நாள் என்று கேட்கப் போன குப்பியை வாசலிலேயே விரட்டினார்கள். நீ இந்த நாட்டுக்காரி இல்லை, கப்பலேறு என்று சீட்டுக் கொடுத்தார்கள். அந்த ஊரில் பத்து வருஷத்துக்கு மேல் அடுப்பெரித்தவளுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது.

சின்னசேலம் ஸ்டேஷனுக்கு அத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். ரங்கூன்காரி என்றதும் பெரியம்மாவைப் போல நாலு மடங்கு நகை போட்ட ஒருவரை மனதில் வைத்திருந்தேன். ரயிலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு இறங்கியவரின் காதுத் துளைகளில் துடைப்பக் குச்சி செருகியிருந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை. அத்தா அந்தக் கழுத்தைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பக்கம் நடந்தார்.

எங்களில் கல்யாணமான பெண்ணின் கழுத்தில் கருகமணி இருக்கும். கறுப்பு மணிகளும் நடுநடுவே தங்கக் குண்டுகளுமாக, நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ கட்டிவிடுவது. கணவன் இறந்தால்தான் கழற்றுவார்கள். ஆகவே வீட்டுக்குள் கால் வைத்ததும், பார்க்க வந்திருந்த பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பதல்ல.

"இன்னாடி இது, கழுத்து மூளியா கீது? அவரு இன்னா ஆனாரு?"

"அவருக்கு ஒன்னும் ஆவல. கப்பலாண்ட பட்டாளத்துக்காரன் பிடிச்சி இழுத்தான். அறுந்துபோச்சி. தங்கத்த மட்டும் பொறுக்கிக்கினு மணிய கீழ கொட்டிட்டான்."

கொட்டியதைக் குப்பி விட்டுவிடவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்க, சிப்பாய் பூட்ஸ் காலால் தள்ள, பலகைமேல் மண்டியிட்டுக் கைக்குக் கிடைத்த கறுப்பு மணிகளையெல்லாம் பொறுக்கிப் பவுடர் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். அந்த டப்பாவைத் திறந்து காட்டினார். பெரியம்மா ஒரு விரலால் கிளறிப் பார்த்துவிட்டு மூடினார். அடியில் கெம்பு ஏதாவது இருக்குமென்று நினைத்திருப்பார்.

எனக்குக் குப்பியைப் பிடித்துப்போனது. சந்தனக்கட்டை மாதிரி ஒரு பர்மாக் கட்டையை அம்மியில் உரைத்து என் கன்னத்தில் வட்டமாகப் பூசிவிடுவார். குளுகுளுவென்று இருக்கும். அந்தக் கன்னத்தோடு பள்ளிக்கூடம் போய் வாத்தியாரிடம் திட்டு வாங்கினேன். மறுநாளும் பூசிக்கொண்டு போனேன். மற்றவர்களுக்குத்தான் மெல்ல மெல்லக் கசந்தது. அவர் சாதத்துக்குக் கருவாட்டை இடித்துப் போட்டுக்கொண்டால் முகம் சுளித்தார்கள். லுங்கி வந்த காலத்தில் 'நம்ம புள்ள' என்றவர்கள், இப்போது 'அகதி' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குத் தொழில் செய்ய அரசாங்கம் கடன் கொடுத்தது. அத்தா குப்பியை ஆபீசுக்கு அழைத்துப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே ஒருவர் வெற்றிலையை மென்றபடி, குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டார். ஜெயிலில் என்றார் குப்பி. "அப்பிடின்னா அவரு வந்து கேக்கட்டும். இல்ல, செத்துட்டாருன்னு எழுதிக் குடுங்க. விதவைன்னா சீக்கிரம் ஆவும்." அவர் கெட்டவர் மாதிரி பேசவில்லை. உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. அங்கே ஒரு சர்க்கார் மாமாவைக் காணாமல் அடித்தது, இங்கே இன்னொரு சர்க்கார் அவர் செத்தால் வசதி என்றது. குப்பி எதுவும் எழுதிக் கொடுக்காமல் படியிறங்கினார்.

இதெல்லாம் பெரியத்தா காதுக்குப் போயிற்று. அத்தாவின் அண்ணன், எங்கள் குடும்பத்தில் யார் எப்போது தும்மலாம் என்பதையும் தீர்மானிக்கிறவர். தியாகதுருகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு வெல்ல வியாபாரி, மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெரியத்தாவின் கணக்கு சுலபமானது. கடிதமில்லை, தகவலில்லை, ஆகவே மாப்பிள்ளை மௌத், இறந்தாயிற்று. குப்பி இத்தா இருக்கட்டும், முடிந்ததும் நிக்காஹ். பள்ளிவாசல் ஹஜ்ரத், உறுதியான செய்தி இல்லாமல் அப்படியெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லியனுப்பினார். பெரியத்தா உடனே சின்னசேலத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அவரும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்தான். 'அந்த ஜெயிலுக்குப் போனவங்க திரும்புறது கஷ்டம்னு சொல்லிக்கிறாங்க' என்றார் அந்த மனிதர், பயந்து பயந்து. பெரியத்தாவுக்கு அது போதுமான சாட்சியாக இருந்தது.

அம்மாவிடம் இத்தா என்றால் என்ன என்று கேட்டேன். புருஷன் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் ஓர் அறையிலேயே இருப்பது என்றார் அம்மா. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாலு மாதம் குப்பி எங்கேயும் போகமாட்டார்! நாள் முழுக்க என்னோடுதான்! பல்லாங்குழிப் பலகையை எடுத்துத் துடைத்து வைத்தேன். அந்த வீட்டில் பெரியத்தாவின் திட்டத்தை மனதார ஆதரித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பயத்தில் தலையாட்டினார்கள். அத்தாவும்தான். தன் புளி, கடுக்காய் மண்டியில் அத்தனை ஆட்களையும் ஒரு சத்தத்தில் அடக்குகிற மனிதர், அண்ணன் முன்னால் துண்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பெரியத்தா வந்தார். கையில் கடைக் காகிதம் சுற்றிய வெள்ளைப் புடவை. கூடத்தில் பாய் விரித்துச் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். துஆ ஓதி, புடவையை உடுத்தி, அறைக்குள் விடவேண்டியதுதான் பாக்கி. டீ போய்க்கொண்டிருந்தது. கெம்புக் கம்மலோடு பெரியம்மா, அழுவதற்குத் தயாராக, முந்தானையைக் கையில் வைத்திருந்தார்.

குப்பி உள்ளறையில் இருந்தார். நான் பல்லாங்குழியோடு போனேன். அவர் தரையில் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தார். கையில் மண்டியிலிருந்து எடுத்து வந்த சாக்கு தைக்கிற நூல். அதை எண்ணெய் தொட்டு முறுக்கி, கறுப்பு மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தார். தங்கக் குண்டு இருந்த இடங்களில் ஒரு சின்ன முடிச்சு மட்டும் போட்டார். நானும் மணி பொறுக்கிக் கொடுத்தேன். எனக்கு அது விளையாட்டில் சேர்த்தி.

கோத்து முடித்ததும் கழுத்தில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டினார்.

"கட்டு. அவிழாத மாதிரி போடணும்."

அவிழாத முடிச்சு எனக்குத் தெரியும். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டுவருகிற மலைக்காரர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். மலைப்பாதையில் தலைச்சுமையாக இறக்கும்போது மூட்டை வாய் பிரிந்தால் அத்தனையும் பள்ளத்தில் போய்விடும்; அதற்கென்று ஒரு முடிச்சு. சுற்றி, உள்ளே விட்டு, எதிர்ப்பக்கம் இழுக்கவேண்டும். இழுக்க இழுக்க இறுகும். அதைத்தான் குப்பியின் பிடரியில் போட்டேன். பல்லால் கடித்து இறுக்கினேன். குப்பி கையைப் பின்னால் கொண்டுவந்து முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நூல் உறுத்துகிறது போல என்று நினைத்தேன்.

அவர் எழுந்து முகம் கழுவி, கண்ணுக்குச் சுர்மா போட்டுக்கொண்டு, வாடாமல்லி நிறப் புடவையைச் சரிசெய்தபடி கூடத்துக்குப் போனார். பெண்கள் வரிசையில், கல்யாணமானவர்கள் நடுவில், போய் உட்கார்ந்தார். டீ தம்ளர்கள் அப்படியே நின்றன.

"யாரு கட்டுனது அத?" என்றார் பெரியத்தா.

"சின்னண்ணன் மவ" என்றார் குப்பி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்து, "நான்தான். அவிழவே அவிழாது" என்றேன்.

பெரியத்தாவின் முகம் கறுத்தது. பெரியம்மாவைப் பார்த்து, "கத்திரி எடுத்தா. அறுத்து எறி" என்றார். பெரியம்மா எழுந்தார். குப்பி எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அங்க அறுத்தவன் கையில துப்பாக்கி இருந்திச்சி பெரியண்ணே. பயந்துக்கினு நின்னேன். நீங்க இன்னா வெச்சிக்கினு கீறீங்க? அவரு செத்துட்டாருன்னு சொல்றதுக்கு நீங்க யாரு? புடிச்சிக்கினு போனவன் சொல்லட்டும். எங்க வெச்சான், இன்னா பண்ணான்னு அவன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் எவன் வந்தாலும் என் கழுத்துல கை வெக்க வுடமாட்டேன்."

பெரியம்மா கத்திரியோடு கூடத்தின் நடுவில் நின்றார். உள்ளே போகவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை. அப்போதுதான் அத்தா எழுந்தார். பெரியம்மா கையிலிருந்து கத்திரியை வாங்கி, மண்டிக்குப் போகும் பையில் போட்டுக்கொண்டார். அவர் வாழ்நாளில் அண்ணனுக்கு எதிராகச் செய்தது அந்த ஒரு காரியம்தான். பெரியத்தா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ரொம்ப காலம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வெள்ளைப் புடவை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. வருஷா வருஷம் மாடியில் அதை விரித்துப் புளி காயவைத்தோம். தியாகதுருகம் வெல்ல வியாபாரி வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்.

குப்பிக்கு அந்தக் கடன் கடைசிவரை கிடைக்கவில்லை. மண்டியில் உட்கார்ந்து சாக்கு தைத்தார், கடுக்காய் தரம் பிரித்தார். மாமா திரும்பி வரவில்லை. செத்துப்போனார் என்றும் எந்த சர்க்காரும் சொல்லவில்லை. பர்மாவுக்குக் குப்பி எழுதிப் போட்ட மனுக்களுக்கு ஒரு வரி பதில் வந்ததில்லை. ஒரு மனிதனைக் கொண்டுபோனவர்கள், எங்கே வைத்தோம் என்று சொல்லக்கூட மரியாதை இல்லாமல் காலம் தள்ளினார்கள். அவர்கள் செய்யவேண்டிய பொய்ச்சாட்சியை எங்கள் கூடத்தில் டீ குடித்தபடி நாங்களே செய்து கொடுக்க இருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரே ஏமாற்றம். இத்தா இல்லையென்றால் குப்பி அறைக்குள் இருக்கமாட்டாரே! பல்லாங்குழிப் பலகையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்ப மாமா உயிரோட கீறாரா குப்பி?"

"தெரியலம்மா" என்றார்.

தெரியாது என்று சொல்கிறவர் எதற்கு இவ்வளவு சண்டை போட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. கை நீட்டி அவர் பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. அது போதுமென்று நினைத்துக்கொண்டு குழிகளில் சோழியைப் போட ஆரம்பித்தேன்.