பாண்டிலட்சுமியின் எண்ணிக்கை

எம். புதுப்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன், பெயர் சங்கிலிமுத்து. ஆட்களை அதட்டியே தொண்டை கட்டிப்போனவன். அதட்டாமல் விட்ட ஒரே ஆள் பாண்டிலட்சுமி. அங்கேதான் கோட்டை விட்டேன்.

எங்கள் அறை வாசல்களில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணில் இறங்க, உள்ளே போகுமுன் அதில் ஒருமுறை கை வைக்க வேண்டும். மூன்று வருசம் முன்பு பத்திரகாளி என்ற பெண் வேலை பார்த்த அறை வெடித்து அவள் செத்துப்போனாள். அன்று காலை அவள் தகட்டைத் தொடாமல் போனதைப் பாண்டிலட்சுமி பார்த்திருக்கிறாள். கூப்பிட்டுச் சொல்லவில்லை. வெடித்ததற்குக் காரணம் அதுதானா என்று யாருக்கும் தெரியாது.

அதன்பின் இவள் மூன்று முறை தொட்டாள். பிறகு ஏழு. பிறகு இருபத்தொன்று, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து.

"பொறுப்புன்னா இதான். பாத்துப் படிங்க" என்று மற்றவர்களிடம் சொன்னேன். ஆயுத பூஜையன்று எவர்சில்வர் குடம் பரிசு கொடுத்தேன்.

"அண்ணாச்சி, கை நிக்க மாட்டேங்கு. தொடலைன்னா நெஞ்சு படபடன்னு வருது" என்றாள் ஒருநாள்.

"நிக்க வேண்டாம் தாயி, நல்லாத் தொடு" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

போன சீசனில் ஒரு மத்தியானம் பக்கத்து அறையிலிருந்து புகை வந்தது. "ஓடுங்க!" என்று கத்தினேன். எல்லோரும் ஓடிவிட்டார்கள். பாண்டிலட்சுமி மட்டும் வாசலில் நின்றாள், கை தகட்டில்.

"பன்னெண்டு, பதிமூணு..."

"வெளிய வா புள்ள!"

என் சத்தத்தில் எண்ணிக்கை தவறியது. என்னைப் பார்த்து அழுதாள். கை மறுபடி தகட்டுக்குப் போனது. "ஒண்ணு, ரெண்டு..."

ஓடிப்போய் இழுத்தேன். கதவு நிலையைக் கட்டிக்கொண்டாள். "முடிக்கலைன்னா எல்லாரும் செத்துருவாக, விடுங்க அண்ணாச்சி!" பிய்த்து இழுத்துக்கொண்டு ஓடி ஓடைக்குள் விழுந்தோம். பின்னால் கூரை பறந்தது.

காயத்துக்கு மருந்து போட்ட நர்ஸ் ஞானஜோதியிடம் அவள் தகட்டை எண்ணி எண்ணித் தொடுவதைச் சொல்லி, "ரொம்பக் கவனமான பிள்ளை சிஸ்டர்" என்றேன்.

"கவனமான ஆளு ஒரு தடவ தொட்டுட்டு நிம்மதியா வேலை பாப்பாக. இவுகளால நிறுத்த முடியல. இது எண்ணச் சுழற்சி நோய், ஓசிடிம்பாக. கிறுக்கு இல்ல. மாத்திரை இருக்கு, பழக்கி நிறுத்துற சிகிச்சையும் இருக்கு" என்றார் அவர்.

மனநல டாக்டரிடம் ஐந்து மாதம் போய்வந்தாள். வெடிமருந்தே இல்லாத அட்டைப்பெட்டி அறைக்கு அவளை மாற்றினேன். அங்கும் வாசலில் தகடு உண்டு. முதல் நாள் ஒருமுறை தொட்டாள். வியர்த்து வழிய வாசலிலேயே நின்றாள்.

"இன்னொரு தடவ தொட்டுக்கிறவா அண்ணாச்சி?"

"வேண்டாம் தாயி."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அவள் யாருக்காக எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஆகாது. உள்ள போ" என்றேன்.

போனாள்.