குப்பண்ணன் சாரின் நொதி

கோயம்புத்தூரை அடுத்த எல்லைப்புறத்து எருத்தேன்பதியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்தவர் குப்பண்ணன். பன்னிரண்டு வருடமாக அவருடைய டி.என்.ஏ. பாடத்துக்குத் தனி மவுசு. முறுக்கிய இரண்டு இழைகளைக் கலர் சாக்பீஸில் வரைவார். அவை பிரிவதையும், ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே புதிய இழை வளர்வதையும் காட்டுவார். அதை எழுத்தெழுத்தாகக் கோப்பது பாலிமரேஸ் என்ற நொதி என்று முடிப்பார். மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று கேட்பார்கள்.

1974-இல் அதே துறையில் கத்தரீனாள் வேலைக்குச் சேர்ந்தாள். மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் மகள், மெட்ராஸில் எம்.எஸ்ஸி. முடித்தவள். ஒரே மாதத்தில் ஜன்னல் கூட்டம் அவள் வகுப்புக்கு மாறியது.

ஒருநாள் ஒரு மாணவி எழுந்தாள். "ஏனுங்க சார், நீங்க சொல்ற பாலிமரேஸ் நகலெடுக்கறதில்லைன்னு கத்தரீனாள் டீச்சர் சொன்னாங்க."

இடைவேளையில் கத்தரீனாளிடமே போய்க் கேட்டார்.

"முதல்ல கண்டுபிடிச்சது அதுதான் சார். ஆனா அது இல்லாத குறையோடவே ஒரு பாக்டீரியா பெருகுதுன்னு பாத்துட்டாங்க. மூணாவதா கண்டுபிடிச்ச பாலிமரேஸ்தான் நகலெடுக்குது. பழசு, பழுது பாக்கும். ஒரு புது இழை துண்டு துண்டாத்தான் வளருது, அந்தத் துண்டுகளுக்கு நடுவுல இடைவெளிய நிரப்பும். லைகேஸ்னு இன்னொண்ணு வந்து ஒட்டிரும்."

பணிவாகத்தான் சொன்னாள். 'பழசு' என்றது தன்னைத்தான் என்று அவருக்குத் தைத்தது.

"சிலபஸ்ல இல்லாதத எதுக்குங்க சொல்லிக் குழப்பறீங்க?" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவி ராசம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "புது டீச்சர் ரொம்ப நல்லா நடத்தறாங்களாமுங்க. பக்கத்தூட்டுப் புள்ள சொல்லுச்சு" என்றாள். அவர் பாதியில் கை கழுவினார்.

சனிக்கிழமை கோயம்புத்தூர் போய் ஒரு நூலகத்தில் உட்கார்ந்தார். அவள் தவறு என்று காட்ட ஒரு வரி கிடைத்தால் போதும். மாலை வரை புரட்டிய ஆய்விதழ்கள் எல்லாம் அவள் பக்கமே நின்றன.

திங்களன்று படத்தை வரைந்து, நகலெடுக்கும் நொதியின் பெயரைப் 'பாலிமரேஸ் மூன்று' என்று மாற்றி எழுதினார்.

"கத்தரீனாள் டீச்சர் சொன்னதுதானுங்களா சார்?"

எழுதிய பெயரின் கீழே ஒரு கோடு போட்டார். "ஆமா. அவங்க சொன்னது சரி."

சொன்ன பிறகும் பொறாமை போகவில்லை. இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. பிரிவு உபசாரத்துக்கு அவர் போகவில்லை. அவளே தேடி வந்து, "பிள்ளைகளுக்கு உதவும் சார்" என்று தன் குறிப்பு நோட்டைக் கொடுத்தாள்.

ஓய்வு பெறும்வரை அந்த நோட்டை வைத்துத்தான் பாடம் நடத்தினார். அட்டையில் அவள் பெயர் தெரியாதபடி காக்கித்தாள் போட்டிருந்தார்.