காபி குடிக்கும் நேரத்தில் ஆறிய புல்லி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆரணியில் முதன்முதலில் அலுமினியம் உருக்கிய உலை என்னுடையது. ஓட்டல்களுக்கு இட்லிப் பானை, ரைஸ் மில்லுக்கு ஃபேன் இறக்கை, பட்டு நூல் முறுக்கும் மெஷினுக்குப் புல்லி... எல்லாம் இந்தக் கை வார்த்தது. சிபாரிசு? கிடையாது. காயலான் கடையில் கிடைத்த லாரியின் பழைய அலுமினிய பிஸ்டன்தான் என் மூலதனம்.

அப்படிப்பட்ட எனக்கே போன மாதம் ஒரு புல்லி தண்ணி காட்டியது!

நூல் முறுக்கு ஃபேக்டரி முதலாளி கண்ணப்பன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவருடைய பன்னிரண்டு மெஷினிலும் என் புல்லிதான். இரும்பைவிட லேசு, மோட்டார் திணறாது. பெல்ட் புல்லியைச் சுற்றும், புல்லி நடுவிலுள்ள இரும்பு ஷாஃப்டைச் சுற்றும்; அந்த ஷாஃப்டில் இறுக்கமாக அடித்துப் பொருத்தியிருந்தேன். போனதும் கண்ணப்பன் பிடித்துக்கொண்டார்.

“காலைல ஜோரா ஓடுது மேஸ்திரி. பத்து மணி ஆச்சுன்னா புல்லி மட்டும் சுத்திகினு கீது, ஷாஃப்ட் வேடிக்கை பாக்குது! வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாங்காட்டி அத்தினியும் கழட்டிட்டு இரும்பு போட்டுடுவேன்.”

போட்டால்? அப்புறம் ஊரில் எவன் என் அலுமினியத்தை வாங்குவான்?

இரண்டு நாள் போனேன். பிடித்துத் திருகினால் அசையவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது! “உங்க பெல்ட்டுலதான் கோளாறு” என்றேன். “ஆமா, நீங்க வந்தா மட்டும் பெல்ட்டு பயப்படுது” என்றார்.

வியாழக்கிழமை கிருத்திகை. நான் உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல, “மெஷின நிறுத்துங்கப்பா, மேஸ்திரிக்குக் காபி சொல்லுங்க” என்றார் கண்ணப்பன்.

“விரதங்க. காபி வேணாம்” என்று நேராகப் போய், அப்போதுதான் நின்ற புல்லியைப் பிடித்தேன். கை சுட்டது. திருகினேன்... திரும்பியது!

அரை மணி நேரம் கழித்துத் திருகினேன். அசையவில்லை.

புரிகிறதா? இரண்டு நாளும் என் மரியாதைக்காக மெஷினை நிறுத்தினார்கள். நான் காபி குடித்து முடிப்பதற்குள் புல்லி ஆறி, ஷாஃப்டைக் கவ்விக்கொண்டது!

ஆனால் சூடு மட்டும்தான் காரணமா? விடுவேனா? மறுபடி ஓட்டிச் சூடாக்கி, நூல் கண்டுகளைக் கழற்றிவிட்டு வெறுமனே சுற்றவிட்டேன். நழுவவில்லை. கண்டுகளை மாட்டினேன். நழுவியது! சூட்டில் பிடி தளர்கிறது. பளு ஏறினால் விட்டுவிடுகிறது. ஷாஃப்டிலும் புல்லியிலும் நேருக்கு நேர் காடி வெட்டி, அந்தப் பள்ளத்தில் ‘சாவி’ என்று நாங்கள் சொல்லும் இரும்புத் துண்டை அடித்து இறுக்கினேன்; இனி பிடி தளர்ந்தாலும் புல்லி தனியாகச் சுற்ற முடியாது. வெள்ளி மாலைக்குள் பன்னிரண்டும் ஓடின.

ஞாயிற்றுக்கிழமை வந்தார் கண்ணப்பனின் மருமகன். செய்யாறு கம்பெனியில் என்ஜினீயர். “சூட்டுல அலுமினியம் இரும்பைப் போல ரெண்டு பங்கு விரியும் மாமா” என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். நல்ல பிள்ளை, சரியாகத்தான் சொன்னார். அந்தப் படம் இப்போது ஃபேக்டரிச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கீழே அவர் கையெழுத்து மட்டும்!

கண்ணப்பன் அவர்களே, காரணம் சொன்னவர் பெயர் அங்கேயே இருக்கட்டும். கையைச் சுட்டுக்கொண்டவன் பெயர் அதற்கு மேலே வர வேண்டும் — இனிஷியலோடு!